1835 காலணா: எக்ஸ்எஃப்பா, ஏயூவா?

செம்புப்பித்தன்:
கிழக்கிந்தியக் கம்பெனி செம்புக் காலணா, 1835. எடை 6.4 கிராம். முழுக்கச் சாக்லேட் பழுப்பு. எழுத்தோரங்களில் மட்டும் கொஞ்சம் பழைய சிவப்பு. மாலை இலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன, மறுபக்கம் சிங்கங்களின் பிடரி மட்டும் மொழுக்கென்று இருக்கு. ஒருத்தர் எக்ஸ்எஃப் (லேசாத் தேய்ஞ்ச தரம்) என்கிறார், இன்னொருத்தர் ஏயூ (அதுக்கு மேலே, கிட்டத்தட்ட புழங்காத தரம்) என்கிறார். 'ANNA'வில் ஒரு பச்சைப் புள்ளி வேற. புளி போட்டுத் தேய்ச்சுடலாமா?

நாணயப்பூனை:
ஐயோ, வேண்டாம்!

பழைய லென்ஸ்:
தேய்ச்சா தரம் பற்றிப் பேசவே வேண்டியதில்லை தம்பி. 'கிளீன்டு' (சுத்தம் பண்ணினது) என்று ஒரே வரியில் எழுதி ஒதுக்கிடுவாங்க. தேய்ச்ச செம்பு ஒரு மாதிரி ரோஸ் நிறத்துல பல்லிளிக்கும், எழுத்து இடுக்குல அழுக்கு அப்படியே நிற்கும்.

பழுப்பைப் பார்த்துத் தரம் சொல்றவங்களை நம்பாதீங்க. டோனிங் (நாளாவட்டத்துல ஏறுற நிறம்) வேற, தேய்மானம் வேற. சிவப்பு 5 சதவீதம்கூட இல்லைன்னா 'பிரௌன்' என்பாங்க, அவ்வளவுதான்; பிரௌனிலும் அன்சர்குலேட்டட் (புழக்கத்துல தேயாதது) உண்டு.

இப்ப அந்தப் பிடரி. அச்சு சரியா விழாமலும் மொழுக்கென்று வரும், கைமாறித் தேய்ஞ்சும் வரும். ஒரே ஒரு விளக்கை வைங்க, ட்யூப் லைட் வேண்டாம். காசை ஓரத்துல பிடிச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க. ஒளி வயல்ல (உருவமும் எழுத்தும் இல்லாத வெற்றுப் பரப்புல) ஓடி, பிடரி மேலேயும் அதே தோலோட ஏறி இறங்கினா அச்சுக் குறை. அங்கே மட்டும் ஒளி செத்து, நிறமும் வேறா தெரிஞ்சா தேய்மானம். ஸ்கேன் படத்துல இது தெரியாது, அதை வைச்சுச் சண்டை போடுறது வீண்.

செம்புப்பித்தன்:
பார்த்தேன் சார். பிடரியிலும் கேடயத்துச் சிலுவையிலும் மங்கலா, வெளிறின பழுப்பு. எழுத்துகளைச் சுத்தி மட்டும் ஒளி ஓடுது.

பழைய லென்ஸ்:
இரண்டு இடத்திலும் தேய்மானம், ஒளியும் இடுக்குலதான் மிச்சம். ஏயூ இல்லை, நல்ல எக்ஸ்எஃப்.

நாணயப்பூனை:
ஒளி மிச்சமிருக்கே சார், நான் ஏயூதான் போடுவேன்.

பழைய லென்ஸ்:
வயல்ல இருந்தா நானும் போடுவேன். தம்பி, அந்தப் பச்சையை மரக்குச்சியால லேசாத் தொட்டுப் பாருங்க. கெட்டியா, வழவழன்னு இருந்தா விட்டுடுங்க. வெளிர்பச்சைப் பொடியா உதிர்ந்தா குளோரைடு அரிப்பு. ஈரம் பட்டா வளரும். மற்ற காசுகளோட வைக்காதீங்க. பிவிசி கவர்ல வைச்சிருந்தா அதையும் இன்னிக்கே மாத்துங்க.