மறுமொழி: "ரூட்" செய்வதற்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம்.

தயாரிப்பாளர் பூட்டி வைத்திருக்கும் போனின் உள்ளமைப்பையும் மாற்றும் முழு அதிகாரத்தைப் பெறுவதைத்தான் "ரூட்" செய்வது என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் என்பதே மடலில் வந்த கேள்வி.

சென்ற வாரம் உப்புவெளி அண்ணை ஒருவர் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினார். இரண்டாம் கையாக வாங்கியது. வங்கிச் செயலியைத் திறந்தால் ஒரே வரி வருகிறது: "உங்கள் சாதனம் வேரூன்றியுள்ளது." அத்தோடு மூடிக்கொள்கிறது. போன் ரூட் செய்யப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். "தம்பி, இதுக்குள்ள என்ன ஆலமரமே முளைச்சிருக்கு?" என்று கேட்டார்.

"இந்தக் காலத்தில் யார் ரூட் செய்கிறார்கள், சொல் எதற்கு?" என்று முந்தைய மடலில் கேட்ட நண்பருக்கு இதுவே என் பதில். செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், உண்மைதான். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டு முழிக்கிறவர்கள் இருக்கிறார்களே, சொல் அவர்களுக்குத்தான்.

ஒரு காலத்தில் நாமே தமிழுக்காக இதைச் செய்திருக்கிறோம். அன்ட்ராய்ட் 2.3 ஓடிய பல போன்களில் தமிழ் பெட்டி பெட்டியாகத்தான் தெரிந்தது. எழுத்துருக் கோப்பை சிஸ்டம் பகுதிக்குள் வைக்க ரூட் வேண்டியிருந்தது. வைத்த பிறகும் "கெ" என்பதில் கொம்பு பின்னால் போய் நிற்கும். அதையும் சகித்துக்கொண்டு வாசித்தோம். இன்று எழுத்துரு போனோடு வருகிறது. திரைப்பதிவு அன்ட்ராய்ட் 11 முதல் உள்ளேயே இருக்கிறது. 2016இல் வந்த மேஜிஸ்க் என்ற ரூட் செய்யும் கருவி, சிஸ்டம் பகுதியைத் தொடாமலே வேலையை முடிக்கிறது. ஆனாலும் வங்கிச் செயலிகள் மோப்பம் பிடித்துவிடுகின்றன. சாம்சங் போன்கள் பலவற்றில் நொக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டின் உருகி, ரூட் செய்யப்போய் ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், திரும்பாது. அன்றாடம் பாவிக்கும் போனில் இதைச் செய்யாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். மேசை லாச்சியில் கிடக்கும் பழைய போன் என்றால் வேறு கதை.

சரி, சொல்லுக்கு வருவோம்.

"வேரூன்றல்" வேண்டவே வேண்டாம். வேரூன்றுதல் என்றால் நிலைபெறுதல்; ஏதோ நல்ல காரியம் நடந்ததுபோல ஒலிக்கிறது. "மூல அணுகல்" எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் மூல நிரல் (source code) என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, குழம்பும். அப்புறம், "இங்கு மூலம் எடுத்துத் தரப்படும்" என்று கடையில் பலகை போட்டால் யார் வந்து வரிசையில் நிற்பார்கள் என்று யோசியுங்கள்.

என் பரிந்துரை: வேருரிமை.

யுனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழிவந்த அமைப்புகளில் (அன்ட்ராய்டும் அதில் ஒன்று) கோப்பு மரத்தின் அடியில் இருக்கும் அடைவுக்கும் (folder) ரூட் என்று பெயர், எல்லா அதிகாரமும் உள்ள, 0 என்ற எண் கொண்ட பயனருக்கும் அதே பெயர். அடைவை "வேர் அடைவு" என்று எழுதிப் பழகிவிட்டோம். அந்த வேரை விடக்கூடாது. "உரிமை" ஏன் என்றால், அண்ணைக்கு விளங்கப்படுத்தும்போது எனக்கே விளங்கியது. "அரசாங்கம் அனுமதி தந்த பெர்மிட் காணியில வீடு கட்டலாம், தென்னை வைக்கலாம், நினைச்சபடி விக்க ஏலாது. கையில சொந்தப் பத்திரம் உள்ள உறுதிக் காணி அப்படியில்லை. இந்தப் போனைக் கடையில வாங்கேக்க பெர்மிட் காணி, முந்தி வச்சிருந்தவர் உறுதி எடுத்திட்டார்" என்றேன். "அப்ப நல்லதுதானே, வங்கிக்கு ஏன் கோபம்?" என்றார். உறுதி கையில் இருந்தால் வேலியைப் பிரிக்கவும் முடியும், பிரித்த வேலிக்குள்ளால் கள்ளனும் வரலாம் என்று சொல்லவேண்டி வந்தது.

இந்தச் சொல் வளைந்தும் கொடுக்கிறது: வேருரிமை பெறுதல், வேருரிமை நீக்கல், வேருரிமைச் சோதனை.

போனைப் போட்டதும் முதலில் ஓடி இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடரைத் திறப்பதை இதோடு கலக்கவேண்டாம். அது வேறு வேலை. லினியேஜ் ஓஎஸ் என்ற மாற்று இயங்குதளத்தைப் போட அந்தப் பூட்டைத் திறந்தால் போதும், வேருரிமை தேவையில்லை. ஆனால் பூட்லோடருக்குத் தமிழக நண்பர் தந்த "துவக்கேற்றி"யை இலங்கையில் ஓட்ட முடியாது. இங்கே துவக்கு என்றால் சுடுகிற துவக்கு. திருகோணமலையில் ஒரு கடைக்குப் போய் "துவக்கேற்றியைத் திறந்து தாருங்கள்" என்று நான் கேட்கமாட்டேன். "தொடக்க ஏற்றி" என்று வைத்துக்கொள்ளலாமா?

அண்ணையின் போனுக்குத் தயாரிப்பாளரின் மென்பொருளையே திரும்ப ஏற்றி, பூட்டையும் போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த எச்சரிக்கைக்குப் பதிலாகப் போடச் சொல்லி வங்கிக்கு எழுத இப்படி ஒரு வரி வைத்திருக்கிறேன்:

"இக்கைபேசியில் வேருரிமை பெறப்பட்டுள்ளது. உங்கள் கணக்கின் பாதுகாப்புக்காக இச்செயலி இதில் இயங்காது."

திருத்தம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அதன் பிறகு அனுப்பிவிடுவேன்.