எனாமல் முகப்பில் மயிரிழை விரிசல்: சுத்தம் செய்யலாமா?

வெள்ளி பாக்கெட் வாட்ச், சுவிஸ். பின்மூடிக்குள் 0.800, ஒரு பறவை முத்திரை. எனாமல் (உலோகத்தின் மேல் சுட்டுப் பதித்த கண்ணாடிப் பூச்சு) முகப்பில் கையால் வரைந்த ரோஜாக்கள். 6-க்குப் பக்கத்தில் விரிசல் கறுத்திருக்கு. என்ன செய்யலாம்?

பதில் 1: பறவை என்றால் 80 சதவீத வெள்ளி. கரடி இருந்தால் 87.5.

பதில் 2: முதலில் 10 மடங்கு லென்ஸில் பாருங்க. பூவும் பின்னணியும் ஒரே பளபளப்பா? சூளையில் சுட்ட வண்ணம். மங்கலாக, மேடாக இருந்தால் பிறகு பூசியது, தண்ணீரே படக்கூடாது.

சுட்டதென்றால் முள்களை எடுத்து, முகப்புக் கால்களைப் (முகப்பின் அடியில் நீட்டியிருக்கும் சிறு கம்பிகள்) பிடிக்கும் திருகுகளைத் தளர்த்துங்க. நெம்பாதீங்க! அடியில் செம்பு, அது வளைந்தால் விரிசல் ஓடும். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மென்மையான பிரஷ்.

பதில் 3: வெள்ளி மெருகு திரவம் முகப்பில் வேண்டவே வேண்டாம். விரிசல் வழியே செம்பில் இறங்கினால் பச்சை பூக்கும். லேசான கறுப்பு மிஞ்சினால் விட்டுடுங்க.