வருகைப் பதிவில் எழுதப்படும் பெயர்கள்

போர் முடிந்த பின்வந்த ஆண்டுகளில் இலங்கையின் வடக்கில் அரச சார்பற்ற நிறுவனங்கள் எதைச் செய்வதென்றாலும், 2009 மே மாதத்தில் அமைக்கப்பட்ட ஜனாதிபதி செயலணியின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. வீடு கட்டிக் கொடுக்க அனுமதி கிடைக்கும். உளவளத்துணைக்கோ உரிமைக் கல்விக்கோ கிடைப்பது அரிது. அக்காலத்தில்தான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு விறாந்தையில், சுகாதார வகுப்பு என்ற பெயரில், தன்பாலீர்ப்புள்ளவர்களும் திருநர்களும் கூடிப் பேசத் தொடங்கினோம்.

ஒருநாள் வகுப்பின் நடுவே சிவில் உடையில் இருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினர். என்ன பேசுகிறீர்கள் என்று அவர்கள் கேட்கவேயில்லை. மேசையில் கிடந்த வருகைப் பதிவை எடுத்து, பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் என ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் பார்த்த பின், "இதை ஒருக்கா போட்டோ எடுக்கலாமோ, அக்கா?" என்று ஒருவர் பணிவாகக் கேட்டார். அது நிதி தந்தவர்களுக்குரிய கணக்குத் தாள் என்று சொல்லி மறுத்தேன். அவர்கள் வற்புறுத்தாமல் போய்விட்டனர். ஆனால் அதற்கிடையில் ஒரு திருநங்கைத் தங்கை செருப்பைக்கூட எடுக்காமல் பின்வளவால் வெளியேறியிருந்தார்; அதன் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

தன்பாலுறவைக் குற்றமாக்கும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365அ பிரிவுகள் நீதிமன்றத்தில் மட்டும் வேலை செய்பவையல்ல. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் பெண்களையும் 365அ பிரிவுக்குள் கொண்டுவந்தது. வழக்கே போடாமல், "வீட்டுக்குச் சொல்லிவிடுவோம்" என்ற ஒரு சொல்லால் ஒருவரை வாயடைக்க அச்சட்டம் போதும். அதிலும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரில், பெயர்ப் பட்டியல் என்றாலே நெஞ்சு பதறும்.

எங்களைக் கூடுதலாக நோகடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் நின்றவர்களே. இனப்பிரச்சினை தீரட்டும், இதைப் பிறகு பார்ப்போம் என்று மதிப்புக்குரிய மூத்தவர்கள் சொன்னார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வெயிலில் அமர்ந்திருந்தபோது தண்ணீர்ப் போத்தல் சுமந்தவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ரஷ்யாவில் நடந்ததை நான் அக்கறையோடு கவனிப்பதும் பெயர்ப் பட்டியல் பற்றிய அந்த அச்சத்தால்தான். அங்கே 2012இல் வெளிநாட்டு நிதி பெறும் அமைப்புகளைக் குறிவைத்து ஒரு சட்டம் வந்தது. 2013இல் தன்பாலீர்ப்பைப் பற்றிச் சிறுவர் அறியப் பேசுவது தடைசெய்யப்பட்டது. 2023 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தன்பாலீர்ப்புள்ளவர்கள், திருநர்களின் இயக்கத்தையே தீவிரவாதம் என்று அறிவித்தது. அமைப்புகளின் கணக்கைக் கேட்பதில் தொடங்கியது ஆட்களில் போய் முடிந்தது.

இங்கே இலங்கையில் 365ஆம் பிரிவைத் திருத்தும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்மானித்த பின்னும் அப்பிரிவு அப்படியே கிடக்கிறது. ஆகவே நாங்கள் இப்போது வருகைப் பதிவில் எண்ணிக்கையையும் கூட்டம் நடத்தியவரின் கையொப்பத்தையும் மட்டுமே எழுதுகிறோம். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இவ்வாறான கூட்டங்களை நடத்துவோர், இதை ஏற்றுக்கொள்ளும்படி நிதி தருவோரிடம் முதல் நாளிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.