ஜாமில் என் முறை வந்தால் கை நின்றுவிடுகிறது

டர்ஹாம்_வயலின்:
சென்னையில் ஒன்பது வருடம் கர்நாடக வயலின் கற்றவள். இப்போது வட கரோலினாவில் இருக்கிறேன். ஆறு மாதமாக ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசைமேல் பைத்தியம். ஜி-டி-ஏ-ஈ என்று தந்தியை மாற்றிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்கவும் பழகிவிட்டேன். (தரையில் உட்கார்ந்து பழகிய முதுகு இன்னும் மன்னிக்கவில்லை.) வீட்டில் ரெக்கார்டிங்கோடு வாசித்தால் ஒரு குறையும் இல்லை.

போன வாரம் வியாழக்கிழமை ஜாம், அதாவது ஒத்திகை இல்லாமல் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற கூட்டம். வட்டமாகப் பத்துப் பேர். பாடுகிற அம்மா சுருதி "பி" என்றார். பக்கத்தில் கிட்டார்காரர் நாலாவது கட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கிளிப்) மாட்டினார், அவ்வளவுதான், பாட்டு ஓட ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது சரணம் முடிந்ததும் அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எடுத்த எடுப்பிலேயே ஒரு கமகம் போட்டேன். அது முடிந்து நான் இடம் பிடிப்பதற்குள் அடுத்த சரணமே வந்துவிட்டது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கும் தாத்தா சிரித்தார், அன்பாகத்தான். இருந்தாலும் காரில் போய் உட்கார்ந்து அழுதேன். எதைப் பயிற்சி செய்வது?

மேண்டோலின்_மாமா:
முதலில் பிரேக்கை, அதாவது உங்கள் முறையில் வரும் தனி வாசிப்பை, மறந்துவிடுங்கள். மூன்று நிமிடப் பாட்டில் உங்கள் தனி இருபது நொடிகூட வராது. மீதி நேரம் முழுக்க நீங்கள் பக்கவாத்தியம். தாளத்தின் இரண்டாவது அடியிலும் நாலாவது அடியிலும் மட்டும் வில்லின் அடிப்பகுதியால் 'சக்' என்று வெட்டுங்கள். மேண்டோலின் செய்வதும் அதேதான். அதனால் மேண்டோலின் வெட்டும்போது நீங்கள் அடக்கி வாசிக்க வேண்டும்.

கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களை) கண்டு பயம் வேண்டாம். அவர்கள் ஒன்று, நாலு, ஐந்து என்று சொல்வது ஸ, ம, ப. பெரும்பாலான பாட்டுக்கு இது மூன்றே போதும். எப்போது மாறுகிறது என்று தெரியாவிட்டால் கிட்டார்காரரின் இடது கையைப் பாருங்கள். நான் முதல் இரண்டு வருடம் முகங்களையே பார்க்கவில்லை, விரல்களைத்தான் பார்த்தேன். 'ஓல்ட் ஜோ கிளார்க்' என்ற பழைய பாட்டு ஏ சுருதியில் வரும்போது நடுவே ஜி கார்டு வரும். அது கைசிகி நிஷாதம். மெட்டைப் பாடிப் பாருங்கள், ஹரிகாம்போஜி என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

கேப்போ_நாலு:
மாமா சொன்னது சரி. ஆனால் பி-யைக் கண்டு ஓடாதீர்கள். ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோ காலத்திலிருந்து உச்சக் குரல்தான் இந்த இசையின் அடையாளம், சுருதியைப் பாடுகிறவர்தான் முடிவு செய்வார். ஏ தந்தியில் முதல் விரல் வைத்தால் ஸ. அதே விரல் ஈ தந்தியில் ப, டி தந்தியில் ம. திறந்த தந்தி (விரல் வைக்காமல் வாசிப்பது) அதிகம் துணைக்கு வராது, ஆனால் மூன்று கார்டின் அடிப்படைச் சுரமும் ஒரே விரலடியில் இருக்கிறது.

பிரேக்கில் சாமர்த்தியம் காட்டவே வேண்டாம், பாடின மெட்டை அப்படியே வாசித்தால் போதும். தயாராக இல்லையென்றால் தலையை இடவலமாக ஆட்டுங்கள், அடுத்தவருக்குப் போய்விடும். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஆனால் அடுத்தவர் பிரேக்கில் ஓரமாக முணுமுணுவென்று வாசித்துப் பார்க்கிறவர்களை எல்லோரும் தப்பாக நினைப்பார்கள். பாட்டு எப்போது முடியும் என்று தெரிய, ஆரம்பித்தவரின் காலைப் பாருங்கள். கடைசிச் சுற்றில் பாதத்தைத் தூக்குவார்.

டர்ஹாம்_வயலின்:
நேற்று போனேன். முதல் ஒரு மணி நேரம் வெட்டு மட்டும்தான், வில் முடி நாலைந்து அறுந்தது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கைமாறுவதை வருடக்கணக்கில் பார்த்தவள், இங்கேயும் அதே கண் ஜாடைதான் என்பது நேற்றுதான் உறைத்தது.

ஜி-யில் ஒரு மெதுவான பாட்டு. தாத்தா பாஞ்சோவைத் தணித்துவிட்டு என்னைப் பார்த்தார். மெட்டை மட்டும் வாசித்தேன். ஒரே ஒரு இடத்தில் சாதாரண காந்தாரத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்குச் சறுக்கினேன், அங்கே இரண்டு பேர் "ஏய்!" என்றார்கள். ஆறாவது வரியில் தவறு நடந்தது, நிறுத்தவில்லை.

பி-யில் ஒரு பாட்டு வந்தது. தலையை இடவலமாக ஆட்டிவிட்டேன். மாமா, வெட்டும்போது என் வில் தந்தியின் மேல் குதிக்கிறது. கட்டை விரலை எங்கே வைப்பீர்கள்?

மேண்டோலின்_மாமா:
நான் மேண்டோலின் ஆள் அம்மா! அந்த ஜாமில் வேறு பிடில்காரர் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பாருங்கள்.