கயலின் வாடகைக் கணக்கு: ‘கீழத்தெரு வீடு’ குழு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். கயலுக்குக் கல்லூரி விடுதியில் இடமில்லை என்று நேற்றுத் தெரிந்துவிட்டதால், சைதாப்பேட்டையில் நான்கு பெண்கள் சேர்ந்து வீடெடுப்பதற்கான கணக்கை எழுதுகிறேன், பொறுமையாகப் படிக்கவும். வாடகை 16,000 ரூபாயில் அவள் பங்கு 4,000. அரிசியும் பருப்பும் ஊரிலிருந்து போனாலும் காய்கறி, பாலுக்கு 2,500. மின்சாரம், தண்ணீர் கேன், எரிவாயு எல்லாம் சேர்த்து 700. ஆக மாதம் 7,200. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரியில் சேர்ந்த பெண்களுக்கு அரசு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தில் கிடைப்பது 1,000. மீதி 6,200 ரூபாய்க்கு வழி சொல்ல வேண்டும்.

சித்தப்பா: பார்த்தேன் அண்ணே.

அத்தை: பேருந்துச் செலவை எழுதவில்லையே அண்ணே.

கயல்: சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம்தான் அத்தை. ஆனால் பெரியப்பா, புதுமைப் பெண் பணத்தை முதல் மாதக் கணக்கில் சேர்க்காதீர்கள். கல்லூரி வழியாகப் பதிவு முடிந்து, ஆதார் சரிபார்த்த பிறகுதான் வங்கிக்கு வரும். வீட்டுக்காரருக்கோ ஐந்தாம் தேதி வாடகை வேண்டும்.

சித்தப்பா: அவர் பத்து மாத முன்பணம் கேட்கிறார். இவள் பங்கே 40,000.

பெரியப்பா: 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இருவரும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. அப்படியானால் இவள் பங்கு 12,000.

சித்தப்பா: சட்டம் பேசினால் அவர் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்.

அத்தை: எப்படியானாலும் முன்பணத்துக்கு யாரும் நகை கேட்காதீர்கள். ஒருவருடைய படிப்புக்காக அடகுக்குப் போன என் இரட்டைவடம் மூழ்கியே போயிற்று.

சித்தப்பா: அக்கா, அந்தப் பேச்சு இப்போது எதற்கு?

அம்மா: நான் நகை கேட்கவில்லை மதினி.

பெரியப்பா: நகை வேண்டியதில்லை. வங்கிகளின் கல்விக் கடன் மாதிரித் திட்டத்தில், விடுதிக்கு வெளியே தங்குவோரும் நியாயமான வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கேட்கலாம். 4 லட்சம் வரை சொத்துப் பிணை இல்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை. ஆனால் வட்டி வாங்கிய நாளிலிருந்தே ஏறுமாகையால், கிடைக்கிறதென்று முழுவதையும் வாங்கிவிடாமல், மாதம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

கயல்: அரசின் சமூகநீதி விடுதிக்கும் விண்ணப்பித்திருக்கிறேன். அங்கே தங்குமிடமும் சாப்பாடும் இலவசம். நடுவில் இடம் கிடைத்தால் முன்பணம் திரும்புமா?

பெரியப்பா: நல்ல கேள்வி. ஒரு மாதம் முன்னதாகச் சொன்னால் போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

அம்மா: நான்காவது பெண் இன்னும் உறுதி சொல்லவில்லை. மூவர் என்றால் வாடகைப் பங்கு 5,333 ஆகிவிடும்.

பெரியப்பா: அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சித்தப்பா: முன்பணம் 12,000 என்றால் நான் தருகிறேன், 40,000 என்றால் அண்ணனைக் கேளுங்கள்.

அத்தை: குழுவில் எழுதியிருக்கிறான், யாரும் அழித்துவிடாதீர்கள்.

பெரியப்பா: ஞாயிற்றுக்கிழமை நானும் கயலும் போய் வீட்டுக்காரரிடம் பேசுகிறோம்.

சித்தப்பா: இந்த ஞாயிறா, அடுத்த ஞாயிறா?