எமர்ஜென்சி சிஸ்டருக்கு மட்டும்தான் டென்ஷனா?

நொய்யல்கரை:
நேற்று ராத்திரி மாமாவை ஒரு தனியார் எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போனோம். கையில் எலும்பு முறிவு. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு சிஸ்டர் எரிந்து விழுந்தார். விசாரித்தால் வேலைப்பளுவாம். திருப்பூரில் ஷிப்மென்ட் நேரத்தில் நாங்களும்தான் விடிய விடிய நிற்கிறோம். யார் மேலாவது பாய்கிறோமா?

இரவு டூட்டி:
பனியனில் தையல் விட்டால் பிரித்துத் தைக்கலாம்ங்கண்ணா. நான் ஈரோடு பக்கம் ஆறு வருசமாக எமர்ஜென்சியில் இருக்கிறேன். போன வாரம் பூச்சிமருந்து குடித்த ஒருவர் வந்தார். விஷத்தை முறிக்க அட்ரோபின் ஊசி போட்டு, அஞ்சு நிமிசத்துக்கு ஒருமுறை நாடி, பிரஷர், நெஞ்சில் சளிச்சத்தம் பார்க்க வேண்டும். அடங்கவில்லை என்றால் டோஸை இரட்டிப்பாக்க வேண்டும். அந்த நேரம் பைபாஸ் விபத்தில் ரெண்டு பேரை 108 இறக்கியது. விபத்து கேஸ்களைப் பதியும் ஏ.ஆர். புத்தகமும் எழுதியாக வேண்டும். இருந்தது ரெண்டே சிஸ்டர். வீட்டுக்குப் போய் ரெண்டு தடவை தலைக்கு ஊற்றியும் மருந்து நாற்றம் போகவில்லை.

பவானிக்காரன்:
தெரிந்துதானே சேர்ந்தீர்கள்? டாக்டர், நர்ஸ் மேல் கைநீட்டினால் உள்ளே தள்ள 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. இன்னும் என்ன வேண்டும்?

இரவு டூட்டி:
சட்டம் ஏட்டில் இருக்குதுங்க. என் கன்னத்தில் அறைந்த ஆள் மேல் புகார் எழுதிக் கொடுத்தேன். "நம்ம பேர் கெட்டுப்போகும், விட்டுரும்மா" என்று நிர்வாகமே சமாதானம் பேசி அனுப்பியது. மறுநாள் அதே கட்டிலுக்குப் பக்கத்தில் டூட்டி. அப்புறம் எங்களுக்கு யோகா வகுப்பு வைத்தார்கள்!

வெள்ளைச்சேலை (ஓய்வு):
கண்ணு, யோகா வேண்டாம், ராத்திரிக்கு இன்னொரு ஆள் கொடு என்று கேள். நர்சிங் கவுன்சில் கணக்கில் பொது வார்டுக்கு அஞ்சு நோயாளிக்கு ஒரு நர்ஸ், போதனை மருத்துவமனை என்றால் மூணு பேருக்கு ஒருத்தர். ஆனால் எமர்ஜென்சி வாசலில் எத்தனை பேர் வந்து இறங்குவார்கள் என்று யார் எண்ணுவது? 2020 பிப்ரவரியில் அவினாசி பக்கம் கேரள பஸ் மேல் கண்டெய்னர் லாரி மோதி 19 பேர் போனார்களே, அது சொல்லிக்கொண்டா வந்தது? ஆனால் நம்மிடமும் குறை உண்டு. அரசு மருத்துவமனையில் வந்ததும் அவசரத்தைப் பார்த்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கிறார்கள்; சிவப்புக்குத்தான் முதல் கவனிப்பு, பச்சை காத்திருக்கலாம். அதன் அர்த்தத்தைக் கூட வந்தவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

நொய்யல்கரை:
இதைத்தான் நானும் சொல்கிறேனுங்க அக்கா. "உங்களுக்குப் பச்சை, நேரமாகும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஏன் கத்துகிறேன்? ஆள் பற்றாக்குறையை முதலாளியிடம் கேட்க வேண்டும், எங்களிடம் காட்டக்கூடாது. அதில் நான் மாற மாட்டேன்.

இரவு டூட்டி:
சொல்லிப் பார்த்தாச்சுங்கண்ணா. பச்சை என்றால் "அப்போ எங்க ஆளு உயிருக்கு மதிப்பில்லையா" என்று அதுக்கும் ஒரு சண்டை. மணி ஏழே கால், பஸ் வந்துவிட்டது. மீதியை நாளைக்கு வந்து எழுதுகிறேன்.