தேவாரம் என்று எழுதியிருந்த புத்தகம்

காரைக்குடியில் ஆயா வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் கட்டில் இருந்த பெட்டகத்தைத் திறந்தால் அந்துருண்டை வாடை. மேலே ரங்கூன் கடைப் பேரேடுகள் நாலு, அடியில் ஒரு சின்னப் புத்தகம். பேரேட்டுத் தாளைக் கிழித்து அதற்கு அட்டை போட்டு, மேலே கறுப்பு மசியில் 'தேவாரம்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே இருந்தது கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது!

வீரமாமுனிவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் என்று சொல்லப்படும் சுப்பிரதீபக் கவிராயர் பாடிய சிருங்கார நூல். மனைவியோடு சண்டை போட்டுக்கொண்டு போனவன் ஒரு தாசியிடம் மயங்கி, கையிலிருந்ததையெல்லாம் தொலைக்கிறான். பிறகு ஒரு வள்ளலிடம் பரிசு வாங்கிக்கொண்டு, மனைவியைச் சமாதானப்படுத்த விறலியை, அதாவது ஆடிப்பாடும் பெண்ணை, தூது அனுப்புகிறான். கதை அவ்வளவுதான். ஆனால் நான் ரசித்தது தாய்க்கிழவியை. வந்தவனிடம் எப்படிக் கறப்பது என்று மகளுக்குப் பாடம் நடத்துகிறாள். காமத்தை விட அதில் கணக்குதான் அதிகம். பேரேட்டோடு சேர்த்து வைத்தவர் விவரமானவர்.

எனக்குத்தான் கூச்சம். ஆயாவிடம் காட்டலாமா என்று யோசித்து, கடைசியில் காட்டினேன். எண்பத்தாறு வயது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இதுவா? கல்யாணமான புதுசிலேயே படிச்சுட்டேன்" என்றது. அப்புறம், "முழுக்க அவன் சொல்றதுதானே. அவளைக் கேட்டா கதை வேறயா இருக்கும்" என்றது. ஆயாவின் அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கணக்குப் பார்க்கப் போனால் திரும்பி வர மூன்று வருஷம் ஆகுமாம். வீட்டில் இருந்த மனைவியைக் கேட்க அங்கேயும் ஆள் இருந்திருக்காது.

அப்போதுதான் முத்துப்பழனியைப் பற்றிச் சொன்னேன். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரண்மனையில் பிரதாபசிம்மர் காலத்தில் இருந்தவள். தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' எழுதினாள். அதில் ஆசையைச் சொல்வதும் கோபித்துக்கொள்வதும் ராதை. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1910இல் அதைப் பதிப்பித்தார். பெண் இப்படி எழுதலாமா என்று வீரேசலிங்கம் பந்துலு போன்ற பெரிய சீர்திருத்தக்காரரே முகம் சுளித்திருந்தார். வெட்கமெல்லாம் பெண்களுக்கு மட்டும்தானா என்று திருப்பிக் கேட்டவர் நாகரத்தினம்மாள். 1911இல் வெள்ளைக்கார அரசு புத்தகத்துக்குத் தடை போட்டது. 1947இல்தான் விலகியது.

ஆயா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அது தமிழ்ல கிடைக்குமா?" என்றது. தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

விறலிவிடு தூதைச் சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்தேன். கல்யாணப் பத்திரிகையைக் கூட விடாமல் சேர்த்த மனிதர், பக்கத்துக் கோட்டையூர்க்காரர், இதற்கு அதுதான் சரியான இடம். ஊருக்குக் கிளம்பும்போது பார்த்தால் பையில் பேரேடு மட்டும் இருந்தது. புத்தகம் ஆயா தலைமாட்டில், உண்மையான தேவாரத்துக்கு அடியில்.